சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே

பந்து எங்கே விழுகிறது என்று சின்னான் பார்க்க மாட்டான். அது விழுகிற திக்கில், தொலைவில் எந்த மரம் நிற்கிறது என்றுதான் பார்ப்பான். காய்ந்த கோரையும் சுக்காங்கல்லும் கிடக்கிற பூமியில், வெள்ளைப் பந்து விழுந்த இடத்தையே வெறித்துக்கொண்டு நடந்தால் பாதி வழியில் கண் ஏமாற்றிவிடும். மரம் ஏமாற்றாது. நேரே ஒரு வேலமரம், பக்கவாட்டில் ஒரு சிக்னல் கம்பம்; இரண்டுக்கும் மனசில் கயிறு கட்டி, கயிறும் கயிறும் வெட்டுகிற இடத்துக்குப் போய்க் குனிவான். பந்து அங்கே இருக்கும். "இங்கதானுங்க தொரெ" என்று அவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் தேடுவதில்லை.

போத்தனூர் ஜங்ஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் கிடந்த மேட்டாங்காட்டை ரயில்வே துரைமார் குத்தகைக்கு எடுத்து, ஒன்பது குழி வெட்டி, கோல்ப் மைதானம் ஆக்கியிருந்தார்கள். பச்சைப்புல் நிற்காத ஊர். குழியைச் சுற்றி மணலைக் கொட்டி, பட்டறைக் கழிவெண்ணெயைத் தெளித்து அழுத்தி வைத்திருந்தார்கள். அதுவரை ஒரு பண்ணையத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த சின்னான், கிணறு வற்றிப்போன வருஷம் மட்டை தூக்க வந்தான். எண்ணெய் வாசனையும் மண் வாசனையும் கலந்த அந்தக் காற்று அவனுக்குப் பழகிப்போயிற்று.

அவன் மட்டை தூக்கியது மெல்வில் துரைக்கு. நெட்டையான, வெயிலில் வெந்துபோன மூக்குள்ள ரயில்வே இஞ்சினீர். மைதானக் கமிட்டிக்குக் காரியதரிசியும் அவரேதான். சனிக்கிழமை சாயங்காலங்களில் அவரும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளையான சுந்தரராஜுலுவும் பந்தயமில்லாமல் சும்மா ஆடுவார்கள். ஆடுவதைவிடச் சட்டம் பேசுவதுதான் அதிகம். ஒருநாள் துரை அடித்த பந்து மைதானத்தின் குறுக்கே போய்க்கொண்டிருந்த வைக்கோல் வண்டியில் விழுந்துவிட்டது. இது என்ன கணக்கு என்று இருவரும் வாதாடிக்கொண்டே வண்டியின் பின்னால் நடக்க, துரைமார் துரத்துகிறார்கள் என்று பயந்த வண்டிக்காரன் மாட்டை விரட்டிவிட்டான். இன்னொரு நாள் பந்து படுத்திருந்த எருமையின் வயிற்றில் முட்டி நின்றது. எருமை தானாக எழுந்திருக்கட்டும் என்று துரை சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு காத்து நின்றார். சின்னான் குடியிருந்த சேரியில் அன்றைக்கு ராத்திரிச் சோறு சிரிப்போடு இறங்கியது.

சின்னானும் சிரித்தான். ஆனால் உள்ளுக்குள் அவனுக்கு அந்தச் சட்டத்தின் மேல் ஒரு மரியாதை இருந்தது. யாரும் பார்க்காத புதர் மறைவில் மட்டை பட்டுப் பந்து லேசாக அசைந்தால்கூட, துரை தலைநிமிர்ந்து தனக்குத்தானே ஒரு அடி கூட்டிக்கொள்வார். ஆளைப் பார்த்து மாறாத ஒன்றைச் சின்னான் அதற்கு முன்னால் கண்டதில்லை. ஊர்க் கிணறு ஆளைப் பார்த்தது. டீக்கடைக் குவளை ஆளைப் பார்த்தது. கோயில் வாசல் தூரத்திலிருந்தே ஆளைப் பார்த்தது. இந்தச் சட்டம் மட்டும் பந்தைப் பார்த்தது.

அந்தச் சட்டத்தில் அவனுக்கு நன்றாகப் புரிந்த ஒன்று மராமத்து நிலம். மழை அறுத்த இடம், மண் சரிந்த இடம் எதுவானாலும் கமிட்டி உத்தரவில் நரசிம்மலு மேஸ்திரி சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார். கோட்டுக்குள் பந்து விழுந்தால் அங்கே நின்று அடிக்கக்கூடாது. பந்தைக் கையால் எடுத்து வெளியே போட்டு ஆடலாம், கணக்கில் ஏறாது. கோட்டுக்குள் லாட் துரையே வந்தாலும் மட்டை ஓங்க மாட்டார் என்று சின்னான் மற்ற மட்டைக்காரர்களிடம் சொல்வான்.

மாசி மாதம் சேரியில் அம்மை கண்டது. சின்னானுடைய ஒரே மகள் கருப்பாத்தாளுக்கு நாலு வயசு. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடியே, "அய்யா, பந்து கொண்டாந்தீங்களா?" என்று கேட்பாள். தேய்ந்துபோன பந்து ஒன்றைத் துரை எறிந்தபோது அவன் எடுத்துவந்து கொடுத்திருந்தான். அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்குள் அவள் போய்விட்டாள்.

சேரிக்காரர்கள் தலைமுறையாகப் புதைத்து வந்த இடம் மைதானத்துக்குள் அடங்கிப்போயிருந்தது. ஆறாம் குழிக்கு இப்பால், வேலமரங்களுக்கு நடுவில். அதற்குப் பதிலாகத் தண்டவாளத்துக்கு அக்கட்டாலே பாறைக்காட்டில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே முழங்கால் ஆழம் தோண்டினால் கடப்பாரை கல்லில் இடிக்கும். போன வருஷம் அங்கே வைத்த கைக்குழந்தையை நரி இழுத்துப் போட்டதை அவன் பெண்டாட்டி வள்ளியாத்தாள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். மகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பாறைக்கு மட்டும் தூக்காதீர்கள் என்று ஒரே பிடியாகச் சொன்னாள்.

விடியற்காலைப் பனியில், இரண்டு பங்காளிகள் துணையோடு, சின்னான் பழைய இடத்தில் குழி வெட்டினான். மண் மெத்தென்று இறங்கியது. மேலே சின்ன மேடு. நாய் தோண்டாமலிருக்க வேலமுள். தலைமாட்டில் ஒரு கல். தெரிந்தால் மகளைத் தோண்டி எடுக்கச் சொல்வார்கள், தன் வேலையும் போகும் என்று அவனுக்குத் தெரியும். ஆடி வரை யாரும் கவனிக்காமலிருந்தால் போதும். கல்யாணமாகாமல் போன பெண் குழந்தை அவர்கள் வழக்கத்தில் கன்னித்தெய்வம். ஆடி முதல் வெள்ளியன்று தலைமாட்டு மண்ணில் ஒரு பிடி எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, அந்தக் கல்லோடு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக் கும்பிட வேண்டும். பிடிமண் வராவிட்டால் குழந்தை வெளியிலேயே அலைந்துகொண்டிருக்கும் என்பார்கள். மண் வந்துவிட்டால் அவள் வீடு வந்துவிட்டாள். அப்புறம் அந்த மேடு கரைந்தாலும் பரவாயில்லை.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்து விட்ட மறுநாள், துரை அடித்த பந்து காற்றில் ஒதுங்கி வேலமரப் பக்கம் போயிற்று. சின்னான் வழக்கம்போல் மரத்தைப் பார்த்தான். அந்த ஒரு தடவை, பந்து வேறெங்காவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தான். அது மேட்டின் மேல், முள்ளுக்கு அடியில் கிடந்தது.

சுந்தரராஜுலுவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. முள் தரையில் ஒட்டாமல் கிடப்பது, எடுத்துப் போட்டுவிட்டு அடிக்கலாம் என்றார். துரை மேட்டைச் சுற்றி வந்தார். பெருச்சாளி தள்ளிய மண்ணாக இருந்தால் வேறு கணக்கு என்று சொல்லிக்கொண்டே குனிந்து, ஒரு முள்ளைப் பிடித்து இழுத்தார். கல் அசைந்தது.

"மராமத்து நெலமுங்க, தொரெ."

சொன்னது தானா என்று சின்னானுக்கே சந்தேகமாக இருந்தது. துரை நிமிர்ந்து, கோடு எங்கே என்று கேட்டார்.

"நேத்து மழையில கரைஞ்சுபோச்சுங்க. மேஸ்திரி போட்டிருந்தாருங்க."

சுந்தரராஜுலு சிரித்தார். "ஏண்டா சின்னா, உங்க தொரெ தோத்துப்போயிருவாருன்னு நெலத்தையே மராமத்துல எழுதிப்போட்டயா?"

துரை சிரிக்கவில்லை. மட்டை தூக்குகிறவன் சொல்லை நம்பாவிட்டால் ஆட்டமே கிடையாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பந்தைக் கையில் எடுத்தார். அப்படி எடுத்த பந்தைப் போடுவதற்கும் அந்தக் காலத்துச் சட்டத்தில் ஒரு முறை இருந்தது. குழியைப் பார்த்து நேராக நிற்க வேண்டும். தோளுக்கு மேலாகப் பந்தைப் பின்னால் விட வேண்டும். விழும்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது. துரை மேட்டுக்கு அருகில் அப்படியே நின்றார். தன் அப்பனுக்குக் குடம் உடைத்துத் திரும்பிப் பாராமல் நடந்தது சின்னானுக்கு நினைவு வந்தது. சின்னக் குழந்தை என்று மகளுக்கு அதெல்லாம் செய்யவில்லை. இப்போது யாரோ ஒருவர், எதற்கென்று தெரியாமல், அவளுக்கு முதுகைக் காட்டி நின்று செய்துகொண்டிருந்தார். பந்து ஈரமண்ணில் மெதுவாக விழுந்தது.

மறுநாள் காலையில் வேறு இடத்துக்குக் கோடு போட மேஸ்திரி கொடுத்த சுண்ணாம்பில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, சின்னான் மேட்டைச் சுற்றி ஒரு கோடு இழுத்தான். அவசரத்தில் இழுத்ததில் அது முட்டை போல் கோணியிருந்தது. கோட்டைப் பார்த்த நரசிம்மலு மேஸ்திரி, தாம் எப்போது போட்டோம் என்று யோசித்திருக்கிறார். துரை கேட்டபோது, தமக்குத் தெரியாமல் மைதானத்தில் ஒரு கோடா என்று வந்துவிடக்கூடாதே என்று, "ஆமாங்க தொரெ, நாந்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து ஒரு அதிசயம் நடந்தது. பெரிய பெரிய துரைமார், அவர்கள் வீட்டு அம்மாக்கள், கோயமுத்தூரிலிருந்து வந்த கலெக்டர் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் அந்தக் கோட்டருகே வந்தால் ஒதுங்கி நடந்தார்கள். ஊருக்குள் இவன் வந்தால் ஒதுங்கச் சொன்ன பூமியில், இவன் மகளுக்காக அவர்கள் ஒதுங்கினார்கள்.

சின்னான் வீட்டில் சொன்னபோது வள்ளியாத்தாள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தொரைமாருக்கே கோடு போட்டுட்டீங்களா?" என்றாள். மாசிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை வந்துவிட்டது.

அவள் சுள்ளி பொறுக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் வந்து போவாள். கோட்டுக்கு வெளியில் உட்கார்ந்து கால்முள் எடுப்பதுபோல் கொஞ்ச நேரம் இருப்பாள். கோடு மங்கினால் சின்னான் மறுபடி இழுத்தான். நரிப் பயம், துரைப் பயம் இரண்டும் விட்டுப்போக, ஆடியை அவர்கள் திருவிழாவை எதிர்பார்க்கிறதுபோல எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் நனைத்த துணி ஒன்று கொடியில் காய்ந்து, மடிந்து, பானைக்குள் போயிற்று.

வைகாசி முடிவில், மழைக்கு முன்னால், வால்பாறைத் தோட்டத்துத் துரைமாரோடு ஆட மெல்வில் துரை போனார். சின்னானையும் கூட்டிக்கொண்டார். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் பச்சைப் பசேலென்று ஒரு மைதானம். இரண்டாம் நாள் ஒரு தோட்டத்துத் துரையின் பந்து காட்டெருமைக் குளம்புப் பள்ளத்தில் போய்ப் புதைந்துகொண்டது. எடுத்து வெளியே வைக்கலாமா என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். காட்டெருமை மிதித்ததை எந்தக் கமிட்டியும் செப்பனிடப் போவதில்லை, செப்பனிடாத இடம் மராமத்து நிலம் ஆகாது, கிடக்கிறபடியே அடிக்க வேண்டும் என்றார் மெல்வில் துரை. எல்லோரும் சிரித்தார்கள். துரைக்கு நல்ல மனநிலை. சின்னான் பக்கம் திரும்பி, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"சின்னான், ஆறாம் குழி மராமத்து. கோடு மட்டும் போட்டு, வேலை செய்யவில்லை. ரொம்ப வெட்கம். நீ ஒருத்தன்தான் அதைக் கவனித்தாய். இந்த வாரம் மேஸ்திரி முடிப்பான். போய்ப் பார், உனக்குச் சந்தோஷம்."

சின்னான் "ஆமாங்க தொரெ" என்றான். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. கையிலிருந்த மட்டைப்பை சரிந்து, இரும்புகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

கோடு போட்டால் யாரும் தொட மாட்டார்கள் என்பதுவரைக்கும்தான் அவன் சட்டத்தைப் படித்திருந்தான். மராமத்து என்று எழுதிய இடத்தை ஒருநாள் மராமத்துப் பண்ணியே தீருவார்கள் என்பது சட்டத்தின் மறுபாதி. காட்டெருமைக் குளம்புக்குக்கூட அது தெரிந்திருந்தது.

பெண்டாட்டிக்குச் சுகமில்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். மறுநாள் எப்படியும் மோட்டார் இறங்குகிறது, அதிலேயே வா என்றார்கள். கொண்டையூசி வளைவுகளில் மோட்டார் சுற்றிச் சுற்றி இறங்கியபோது, பின்னால் மட்டைப்பைகளோடு ஒடுங்கிக் கிடந்தவன் கண்ணை மூடிக்கொண்டு மரங்களைத் தேடினான். மேட்டிலிருந்து நேரே பார்த்தால் எந்த வேலமரம்? இரட்டைக் கவட்டை உள்ளதா, பட்டுப்போனதா? சிக்னல் கம்பம் இடது கைப்பக்கமா, தோளுக்குப் பின்னாலா? ஒவ்வொரு வளைவிலும் ஒரு மரம் வந்தது. அடுத்த வளைவில் அது வேறு மரமாயிற்று. ஆயிரம் பந்துக்குக் குறி வைத்தவன் மகளுக்குக் குறி வைக்கவில்லை. புதைத்த அன்று பனி. அப்புறம் முள்ளும் கல்லும் இருந்தன. அதற்கப்புறம் கோடு இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருப்பதற்கு எவன் குறி வைப்பான்? சித்திரையில் மரம் பார்த்தது பந்துக்காக. அது போகிற திக்கைக் கண்டதும் அவன் கம்பத்துக்கான மற்ற கயிற்றைக் கட்டவேயில்லை. கால் தானாக நடந்துவிட்டது.

மைதானத்தில் ஆறாம் குழிக்கு முன்னால் பெரிய களம்போல் ஒரு இடம் சிவப்பாக, சமதளமாகக் கிடந்தது. ஏர் பூட்டி மேலாக உழுது, சிவந்த குளத்து வண்டல் வண்டி வண்டியாய்க் கொட்டி, உருளை ஓட்டி, அருகம்புல் நட்டிருந்தார்கள். கோட்டுக்குள் மட்டும் செய்தால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும் என்று மேஸ்திரி தாராளமாகவே செய்திருந்தார். இடைஞ்சலாக இருந்த வேலமரங்களையும் வெட்டி விறகாக்கியாயிற்று.

"பாரப்பா, எப்படி?" என்றார் நரசிம்மலு மேஸ்திரி. "சின்னான் அக்கறையா இருக்கறான், சீக்கிரம் முடின்னு தொரெ சொன்னாரு. உன்ற பேரச் சொன்னாரப்பா."

உழுதபோது ஏதாவது தட்டுப்பட்டதா என்று சின்னான் கேட்டான். என்ன தட்டுப்படும், முள்ளும் ஒரு கல்லும்தான் என்றார் மேஸ்திரி. ஏர்க்கொழு ஒரு சாணுக்குமேல் போகவில்லை. கல் எங்கே என்றதற்கு, அதைக் கேட்பவனை விநோதமாகப் பார்த்து, வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள், கிடக்கிற கல்லில் அது எந்தக் கல்லோ என்றார்.

ஆக, அவள் அங்கேதான் இருந்தாள். யாரும் தோண்டவில்லை, யாரும் எடுக்கவில்லை. அந்தச் சிவப்புக்குள் எங்கேயோ இருந்தாள்.

சின்னான் வீட்டில், இடத்தைச் சமன் பண்ணியிருக்கிறார்கள், தனக்கு அடையாளம் தெரியும் என்று மட்டும் சொன்னான். வள்ளியாத்தாளுக்கு அது போதும். பந்து விழுந்த இடத்தை அவன் தவறவிட்டு அவள் கேள்விப்பட்டதில்லை.

ஆடி முதல் வெள்ளி. மழைத் தூறலில் அருகம்புல் வேர் பிடித்துத் தளிர் விட்டிருந்தது. துரைமார் வருமுன்பே வள்ளியாத்தாள் மஞ்சள் துணியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் முன்னால் நடந்தான். பச்சையும் சிவப்புமாக எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றான். இன்னும் கொஞ்சம் நகர்ந்தான்.

"இங்கதான் அம்மணி" என்றான்.

வள்ளியாத்தாள் மண்ணைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். மைதானத்து ஓரத்தில் சுள்ளி பொறுக்கிய நாளெல்லாம் அவன் பந்து தேடுவதை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் தலைநிமிர்ந்து மரத்தைப் பார்ப்பான், அப்புறம் கம்பத்தை, அப்புறம்தான் குனிவான். இப்போது அவன் எதையும் பார்க்காமல் நேரே தரையைக் காட்டினான்.

"தெரியாதுங்களா?" என்றாள் மெதுவாக.

எங்கேயோ கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டிகளைக் கோத்துக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து, அவன் காட்டிய இடத்திலேயே ஒரு பிடி அள்ளினாள். குளத்து வண்டல், ஒட்டிக்கொண்ட ஒரு அருகம்புல் வேரோடு வந்தது. அதைத் துணியில் வைத்துப் பார்த்தாள்.

"இது குளத்து மண்ணுங்க" என்றாள்.

முடிந்துகொண்டு, அவனுக்கு முன்னால் நடந்து போய்விட்டாள்.

அந்த முடிச்சை அவள் கும்பிடவும் இல்லை, கொட்டவும் இல்லை. கூரைச் சந்தில் செருகி வைத்தாள். சாயங்காலமானால் சில நாள் வாசலில் நின்று மைதானத்துப் பக்கம் பார்ப்பாள், மேயப் போன ஆடு திரும்பவில்லை என்கிறதுபோல.

அடுத்த சனிக்கிழமை துரையின் பந்து அந்தப் புது இடத்தின் நடுவில் போய் விழுந்தது. கோடு எடுத்தாகிவிட்டது, இனி அது எல்லா நிலத்தையும் போல ஒரு நிலம். துரை மட்டையை ஓங்கி அடித்தார். பந்தோடு ஒரு கை அகலப் புல்கட்டி பெயர்ந்து அப்பால் விழுந்தது. பெயர்ந்த கட்டியை எடுத்து அதே பள்ளத்தில் வைத்துக் காலால் அழுத்த வேண்டியது மட்டை தூக்குகிறவன் வேலை. சின்னான் கட்டியை எடுத்து வைத்தான். காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே நின்றது.

சுந்தரராஜுலு, "என்னடா, முள்ளா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சாமி" என்று சொல்லிவிட்டு, முழங்காலிட்டு, இரண்டு கையாலும் மண்ணை அழுத்தினான்.

அதற்குப் பிறகும் சின்னான் பல வருஷம் அங்கே மட்டை தூக்கினான். பந்து ஒன்றும் தொலையவில்லை. ஆனால் மற்ற மட்டைக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தது. நாலடியில், காலுக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடக்கிற பந்துக்குக்கூட அவன் உடனே குனிய மாட்டான். முதலில் தலையைத் தூக்கி, ஒரு மரத்தைத் தேடுவான்.